ஆறு பாட்டில் உப்பனாறு

அன்றைக்குப் படகில் இருந்தவர்கள் ஏழே ஏழு பேர். தாசில்தார் ஒருவர். அவருக்குக் குடை பிடிக்க ஒரு டவாலி. அண்ணாமலை நகரிலிருந்து வந்த சபேசன் சார். செங்கல் சூளை நாகலிங்கம். என் தாய்மாமா யாசீன். தள்ளுகழியோடு வீராசாமி. ஏழாவதாக, ஓர் எனாமல் தட்டையும் ஆறு காலி பாட்டில்களையும் ஒரு மண்சட்டியையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நான். கரையில், மாமாவின் கிடங்குச் சன்னலுக்குப் பின்னால், மாமியும் மாமா மகள் மைமூனும். அவ்வளவுதான்.

இவ்வளவு கறாராகக் கணக்குச் சொல்லக் காரணம் உண்டு. கடலூர் ஓ.டி.யில், "அன்னைக்கு நானும் அந்தப் படகுல இருந்தேன்" என்று சொல்லித் திரிகிறவர்கள் இன்றைக்கும் நாற்பது பேராவது தேறுவார்கள். அத்தனை பேர் ஏறியிருந்தால் படகு துறையிலேயே முழுகியிருக்கும். என் மானம் தப்பியிருக்கும்.

நான் பிறவிக் கவலைக்காரன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி தெருமுனை வரை போனதும், இழுத்த இழுப்பில் திறந்துகொண்டிருக்குமோ என்று இன்னொரு முறை வருவேன். ரயில் நேரத்துக்கு வந்தால், வேறு ரயிலோ என்று சந்தேகம் வரும். எட்டாம் வகுப்பில், அரைப் பரீட்சையில் தேறிவிட்டால் முழுப் பரீட்சை எழுத வேண்டிவருமே என்ற கவலையிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவன். (அம்மா அதை வேறு மாதிரி சொல்வாள். "வாத்தியாரே கால்ல வுழுந்து கேட்டுக்கிட்டாரு, கூட்டிட்டுப் போயிடுங்கன்னு.") அத்தா, அதாவது என் அப்பா, மலேயாவில் கடை வைத்திருந்தார். வைத்திருந்ததாகக் கடிதங்கள் சொல்லின. ஆகவே என்னை மேய்க்கும் பொறுப்பு அம்மாவின் தம்பி யாசீன் மாமாவின் தலையில் விழுந்தது.

மாமாவுக்கு இரண்டு சரக்குப் படகுகள். அறுபதுகளில் கப்பல்கள் தூரத்தில், கடலிலேயே நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றி, உப்பனாற்றின் வழியாகத்தான் ஊருக்குள் கொண்டு வர வேண்டும். அந்த ஆற்றுக்கு மேல்கரையில் நாகலிங்கம் ஒரு செங்கல் சூளை போட்டிருந்தார். களிமண் குழைத்த கழிவு, உடைசல், வேண்டாத மேல்மண் எல்லாவற்றையும் வண்டி வண்டியாக ஆற்றில் தள்ளினார். இரண்டு வருஷத்தில் உப்பனாறு, பால் குறைவாக ஊற்றிய டீ மாதிரி ஆகிவிட்டது. படகுகள் தரை தட்டின. முன்பு ஒரு நாளைக்கு நாலு நடை போன படகு இரண்டு நடை போனது. அப்புறம் ஒன்று.

மாமா மனு எழுதினார். மாமாவின் மனுக்கள் "மேன்மை தங்கிய" என்று ஆரம்பித்து "இதற்கும் நடவடிக்கை இல்லையேல்" என்று முடியும். ஐந்தாவது மனுவுக்குத் தாலுகா ஆபீசிலிருந்து பதில் வந்தது. ஆறு கலங்கியிருக்கிறது என்று வெறும் வாயால் சொன்னால் போதாது, விஞ்ஞான முறைப்படி நிரூபிக்க வேண்டும் என்றார்கள். (ஆபீஸ் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். சன்னலைத் திறந்தால் தெரியும். சன்னலைத் திறக்க விதியில் இடமில்லை போலிருக்கிறது.)

நிரூபிக்கச் சபேசன் சார் கிடைத்தார். ரிட்டையரான கெமிஸ்ட்ரி வாத்தியார். அண்ணாமலை நகரில் வீட்டுப் பின்னறையில் தராசும் கண்ணாடிக் குழாய்களுமாகச் சொந்தத்தில் ஒரு லேபரட்டரி வைத்திருந்தார். அவர் போட்ட திட்டம் எளிமையானது. நாலு மாதத்துக்கு, வாரம் ஒரு நாள், ஆற்றில் ஆறு இடங்களில் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர் எடுத்து அவரிடம் கொண்டுவர வேண்டும். கூடவே, அந்தந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த முடிச்சில் தட்டு கண்ணுக்கு மறைகிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும். கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. தட்டு மிதக்காமலிருக்க அடியில் ஒரு செங்கல். (அதுவும் நாகலிங்கம் சூளைச் செங்கல்தான். ஆற்றிலேயே கிடைத்தது.)

"யார் போறது?" என்று கேள்வி வந்தபோது ஊரில் வேலை வெட்டி இல்லாமல் இருந்த ஒரே ஆள் நான். வயது இருபத்திரண்டு. மாமா என்னைக் கிடங்குக்குள் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"ரஹீமு, இது என் தொழிலு. உனக்கும் இதுல ஒண்ணு இருக்கு. இந்த வேலைய ஒழுங்கா முடி. ஆறு கலங்கல்னு ரிப்போர்ட் வரட்டும், சூளக்காரன் மண்ண அள்ளட்டும், படகு ஓடட்டும். அதுக்கப்பறம் மைமூன் கலியாணத்தப் பேசுவோம்."

"ரிப்போர்ட் வரலன்னா மாமா?"

"பார்த்தியா, ஆரம்பிச்சிட்டான்" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. வீராசாமி படகைத் தள்ள, நான் தட்டை இறக்குவேன். இரண்டாம் முடிச்சில் தட்டு மறையும். சில இடத்தில் ஒன்றிலேயே மறைந்துவிடும். ஒருவேளை என் நிழல் விழுந்து மறைத்ததோ, நான் கண் சிமிட்டிய நேரத்தில் மறைந்ததோ என்று ஒவ்வோர் இடத்திலும் மூன்று தரம் இறக்குவேன். வீராசாமி கழியில் சாய்ந்துகொண்டு, "தம்பி, அது தட்டு. பொண்ணு பாக்க வந்தது இல்ல. ஒரு தரம் பாத்தா போதும்" என்பான். பாட்டில்களுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதிப் பசை தடவி ஒட்டுவேன். ஒட்டியது வழியில் உரிந்துவிட்டால்? அதே எண்ணை நூலில் கட்டி மூடியிலும் தொங்க விடுவேன்.

மூன்றாவது வாரம்தான் சனி பிடித்தது. பையோடு பாசஞ்சர் ரயில் பிடித்து, சிதம்பரத்தில் இறங்கி, சார் வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். சார் குளித்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா கையில் ஒரு ஈர்க்குச்சியோடு சமையலறைத் தொட்டியைக் குத்திக்கொண்டிருந்தார்.

"நீதானா அந்தக் கடலூர்ப் பையன்?"

"ஆமாங்க."

"வா. வந்து இத பாரு. உன் ஆத்துச் சேறெல்லாம் எங்க தொட்டிக் குழாய்ல வந்து அடைச்சிருக்கு. அவர் பாட்டுக்கு ஆராய்ச்சி பண்ணிட்டு இங்க ஊத்திட்டுப் போயிடறார். ரெண்டு வாரமா பாத்திரம் கழுவ முடியல. ஏம்பா, ஒரு பெரிய மனுஷர் வீட்டுக்குத் தண்ணி கொண்டாறியே, கொஞ்சம் தெளிஞ்ச தண்ணியா கொண்டாரக் கூடாதா?"

வேறொருவனாக இருந்தால், "கலங்கல்தானேம்மா விஷயமே" என்று சொல்லியிருப்பான். எட்டாம் வகுப்பு முடித்தவனாக இருந்தால்கூடச் சொல்லியிருப்பான். நான், "மன்னிச்சுக்குங்கம்மா, அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்" என்றேன். அதோடு நிற்காமல், ஈர்க்குச்சியை வாங்கி அரை மணி நேரம் குழாயைக் குத்திக் கொடுத்துவிட்டும் வந்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சார் வீட்டில் ஒரு கெட்ட பெயர் வந்துவிட்டது. சார் கோபித்துக்கொண்டு பாட்டிலே வேண்டாம் என்றுவிட்டால் ரிப்போர்ட் இல்லை. ரிப்போர்ட் இல்லையென்றால் மைமூன் இல்லை. இப்படி நான் குழம்பி உட்கார்ந்திருந்த ஒரு காலையில், அம்மா என் எதிரிலேயே குடத்துத் தண்ணீரைத் தெளிய வைத்துக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் எங்கள் கிணறு கலங்கும். குடிக்கவும் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யவும் தேத்தாங்கொட்டைதான் கதி. கொட்டையை மண்சட்டியின் உள்பக்கத்தில் நாலு தேய்ப்புத் தேய்த்து, தண்ணீரை ஊற்றி வைத்தால், அரை மணியில் மண்ணெல்லாம் அடியில் படிந்துவிடும். மேலே இருப்பது கண்ணாடி.

அம்மா அதைத் தினமும்தான் செய்கிறாள். அன்றைக்குத்தான் எனக்கு உதித்தது. (உதித்தது என்று சொல்வது சரியா? முட்டியது என்று சொல்லலாம்.)

அதன்பின் வாரா வாரம் நான் செய்தது இதுதான். ஆற்றில் பாட்டில் பாட்டிலாக எடுக்காமல் குடம் குடமாக எடுப்பேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறு சட்டிகளில் தேத்தாங்கொட்டை தேய்த்து ஊற்றி வைப்பேன். எண் மாறாமல் ஒவ்வொரு சட்டிக்கும் சுண்ணாம்பில் அடையாளம். தெளிந்ததும் மேலாக இறுத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பாட்டிலில் நிரப்புவேன். அடியில் தங்கிய சேற்றை வீணாக்காமல் கொண்டுபோய் ஆற்றிலேயே ஊற்றிவிடுவேன். இவ்வளவு பொறுப்பாக ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

"ஏன்டா மடையா, உனக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியை என் சம்சாரம் நாற்பது வருஷமாகக் கேட்கிறாள். என் நியாயம் இது: ஆராய்ச்சி தண்ணீரைப் பற்றி. சேறு தண்ணீர் இல்லையே. ஒருவர் வீட்டுக்குச் சேனைக்கிழங்கு கொடுத்து அனுப்பினால் மண்ணைக் கழுவிவிட்டுத்தானே கொடுக்கிறோம்? தண்ணீருக்குள் உப்போ விஷமோ ஏதோ கண்ணுக்குத் தெரியாததைச் சார் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரிகிற சேற்றைத் தேட எதற்கு லேபரட்டரி? அதற்குத் தராசு எதற்கு? (இந்தக் கடைசிக் கேள்வி இப்போதும் எனக்கு உண்டு.)

சார் வீட்டம்மாவுக்கு ஏக திருப்தி. "இப்பத்தான் பையன் பையனா இருக்கான்" என்று காபி கொடுத்தார். போலீஸ்காரர்களுக்குத்தான் திருப்தி இல்லை. அது மதுவிலக்குக் காலம். சேற்றுத் தண்ணீர் கொண்டுபோன வரை என்னை ஒரு நாயும் சீண்டவில்லை. பளிச்சென்று ஆறு பாட்டில் நீர், மூடியில் எண், முகத்தில் வியர்வை என்று சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு கான்ஸ்டபிள் என் சட்டையைப் பிடித்தார்.

"எந்த ஊரு சரக்குடா?"

"உப்பனாறுங்க ஐயா."

"பேரெல்லாம் வச்சிருக்கியா?" என்று நாலாம் நம்பர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் விட்டுக்கொண்டார். அப்புறம் பிளாட்பாரக் குழாயடியில் அவர் துப்பிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மீதி ஐந்து பாட்டில்களோடு ஓடிவிட்டேன். அந்த வாரம் நாலாம் இடத்துக்குச் சார் நோட்டில் கோடு போட்டார்.

சார் முதலில் புருவத்தைச் சுருக்கினார். பிறகு தலையாட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நாலாம் வாரத்திலிருந்து ஆறு தானாகத் தெளிகிறது. தெளிந்தது தெளிந்தபடியே இருக்கிறது. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இடத்தில் ஏதோ ஒரு சக்தி வேலை செய்கிறது என்று அவர் ஒரு கொள்கை கண்டுபிடித்தார். அதை முப்பது பக்கம் எழுதி, மெட்ராசில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பியும்விட்டார். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவருக்கு அதுதான் முதல் கண்டுபிடிப்பு. என் அம்மா நாலு தேய்ப்பில் செய்வதை அவர் முப்பது பக்கத்தில் செய்திருந்தார்.

ஒரே ஓர் இடறல், என் நோட்டு. பாட்டிலில் தண்ணீர் பளிங்கு. நோட்டிலோ தட்டு முதல் முடிச்சிலேயே மறைகிறது. இரண்டும் ஒட்டவில்லை. விஞ்ஞானி அல்லவா, யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மாமாவுக்குக் கார்டு போட்டார்: "தங்கள் மருமகனுக்குப் பார்வைக் கோளாறு இருப்பதாகத் தெரிகிறது. உடனே கண் வைத்தியரிடம் காட்டவும்."

கவர் போட்டிருந்தால் மாமா மட்டும் படித்திருப்பார். கார்டு என்பதால் தபால்காரர் படித்தார், டீக்கடையில் வாசித்துக் காட்டினார், பிறகே மாமாவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்ட கேள்வி எனக்குச் சமையலறை வரை கேட்டது.

"மதினி, உள்ளதச் சொல்லுங்க. புள்ளைக்குச் சின்னதுலேர்ந்தே தெரியாதா, இப்பத்தானா?"

"யாரு சொன்னா? எம்புள்ள சோத்துல கெடக்குற கல்லப் பொறுக்கிடுவான்!"

"அது கையால தடவியே பொறுக்கிடலாமே" என்றாள் மாமி.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பலகையிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்தேன். பலகையின் அடியில் அச்சாபீஸ் பெயர் இருந்தது, அதையும் படித்தேன். "உனக்குக் கண்ணு கழுகு மாதிரி இருக்கு, போ" என்றார். கேட்டதும் எனக்குக் கவலை ஜாஸ்தியானது. கண் நன்றாக இருக்கிறது என்று போய்ச் சொன்னால், படித்த சபேசன் சார் சொன்னது தப்பு என்றாகிவிடுமே? ஆகவே மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். படகில் அதன் மேல் தண்ணீர் தெறித்தது. தட்டு இன்னும் சீக்கிரமாக மறைந்தது.

நாலு மாதம் முடிந்தது. ரிப்போர்ட் போயிற்று. "உப்பனாற்றின் நீர் மிகத் தெளிவாக இருப்பதாகக் காண்கிறேன்" என்று சார் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நகலைப் படித்த மாமா சட்டையைக்கூட மாட்டாமல் தாலுகா ஆபீசுக்குப் போனார். அங்கே என்ன பேசினாரோ தெரியாது, "நேர்ல வந்து பாருங்க, இல்ல ஆபீஸ் வாசல்லயே படுத்துக்கிடறேன்" என்று சொன்னது மட்டும் தெருவுக்கே கேட்டதாம். அடுத்த புதன்கிழமை தாசில்தார் வருவதாக முடிவானது. சாரையும் நாகலிங்கத்தையும் கூப்பிட்டார்கள். முதல் நாள் மாமா என் தோளில் கை வைத்தார்.

"நீ பேசவே வேணாம் ரஹீமு. வாரா வாரம் என்ன செஞ்சியோ, அத அப்படியே செஞ்சு காட்டு. போதும்."

அப்படியே செய்து காட்டினேன். அதுதான் நடந்தது.

முதலில் தட்டு. துறையிலிருந்து நடு ஆற்றுக்குப் போய் நான் தட்டை இறக்கினேன். ஒரு முடிச்சு. காணோம். தாசில்தார் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, உள்ள போனதே தெரியல?" என்றார். டவாலியும் எட்டிப் பார்க்க, குடை தண்ணீருக்குள் போய்விட்டு வந்தது. மாமாவின் முகம் பெருநாள் பிறை கண்ட மாதிரி மலர்ந்தது. நாகலிங்கம் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். கிடங்குச் சன்னலில் ஒரு முந்தானை அசைந்தது.

அங்கேயே கரைக்குத் திரும்பியிருந்தால் இந்த ஜில்லாவின் சரித்திரமே வேறு. ஆனால் சபேசன் சார், "ஆனா நமக்கு வந்த சாம்பிள் எல்லாம் ஸ்படிகம் மாதிரி இருந்ததே. தம்பி, நீ எப்படி எடுக்கறே? எடுத்துக் காட்டு" என்றார்.

நான் சட்டியை ஆற்றில் முக்கித் தண்ணீர் மொண்டேன். சட்டைப் பையிலிருந்து தேத்தாங்கொட்டையை எடுத்தேன். சட்டியின் உள்பக்கம் தேய்க்க ஆரம்பித்தேன். கரகரவென்று அந்தச் சத்தம் ஒன்றுதான் படகில் கேட்டது.

"என்னப்பா பண்றே?" என்றார் சார்.

"தெளிய வைக்கிறேன் சார்."

"என்னது?"

"தேத்தாங்கொட்டை சார். ஒரு அரை மணி ஆகும். வெயிலா இருக்கு, நீங்க இப்படிக் குடைக்குள்ள வந்து உக்காந்துக்குங்க சார்."

ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஏழாவது ஆளுக்குப் புரியவில்லை. மாமா, "யா அல்லா" என்று முணுமுணுத்தார். நாகலிங்கத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வெற்றிலை புரையேறிவிட்டதோ என்று நான் அவர் முதுகைத் தட்டப் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வாரமா இது?" சாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நாலாவது வாரத்துலேர்ந்து சார். ஒரு வாரம்கூட வுடல."

"அடியில படியற மண்ணு?"

"வேஸ்ட் பண்ணல சார். அந்தந்த எடத்துலயே திரும்ப ஊத்திடுவேன்."

"யார்டா உனக்கு இப்படிச் செய்யச் சொன்னது?"

"உங்க வீட்டம்மா சார்."

அந்தக் கேள்வியைச் சார் அதற்குமேல் தொடரவில்லை. அவரைப் போல ஒரு விஞ்ஞானியே தொட அஞ்சும் துறைகள் சில உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மாமாதான் முதலில் தெளிந்தார். "சார், நல்லதாப் போச்சு! பையன் முட்டாப் பய. ரிப்போர்ட்டு தப்புன்னு நீங்களே பாத்துட்டீங்க. மாத்தி எழுதிடுங்க. தட்டு மறைஞ்சத எல்லாரும் பாத்தோம்ல?"

சார் ஆற்றைப் பார்த்தார். மெட்ராசுக்குப் போன முப்பது பக்கம் அவர் கண்ணில் தெரிந்தது. "அவசரப்படக் கூடாது. என் கொள்கைக்கும் இந்தப் பையனோட கொட்டைக்கும் சம்பந்தம் இருக்கணும்னு அவசியம் இல்ல" என்றார்.

"அப்படிப் போடுங்க!" என்றார் நாகலிங்கம். "படிச்சவுங்க கையெழுத்துப் போட்டது போட்டதுதான். எட்டாங்கிளாஸ் தாண்டாத பய பேச்சக் கேட்டு மாத்துவாங்களா? என்னா பாய் நீங்க!"

"உம் மண்ணுலதான்யா எம் படகு மாட்டுது!"

"ஆறு தெளிவுன்னு ரிப்போர்ட்டே இருக்கு. ஓட்டத் தெரியாம ஓட்டுனா மாட்டத்தான் செய்யும்."

"மொதலாளி, கடலு எறங்குது, ஆத்துலயும் தண்ணி வத்துது. திரும்பிடலாம்" என்றான் வீராசாமி. யாரும் காதில் வாங்கவில்லை. ஏனென்றால் தாசில்தார் அப்போது சட்டிக்குள் தலையை விட்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்கய்யா. நெசமாவே தெளியுதான்னு பாத்துடுவோம்."

பார்த்தோம். சண்டை போட்டுக்கொண்டே பார்த்தோம். அரை மணியில் சட்டியின் மேல்நீர் கண்ணாடியானது. அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் செங்கல் நிறச் சேறு. அந்த இரண்டு விரல் சேறுதான் மாமாவின் ஐந்து மனுக்கள், நாகலிங்கத்தின் இரண்டு வருஷம், என் கல்யாணம் எல்லாம். தாசில்தார் அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அடடா, எங்க வீட்டுக் கெணறும் கலங்கல்தான். இந்தக் கொட்டை எந்தக் கடைல கெடைக்குது தம்பி?"

நான் கடையின் பெயரைச் சொன்னேன். அவர் டவாலியைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். நாலு மாத விசாரணையில் அரசாங்கம் எழுதிக்கொண்ட ஒரே உண்மை அதுதான்.

"மொதலாளி, தட்டிடுச்சு" என்றான் வீராசாமி.

நீர் வற்றிப் படகின் அடி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கழி போட்டுத் தள்ளினான்; கழி மட்டும் இறங்கியது. அடுத்த கடலேற்றத்துக்கு ஐந்து மணி நேரம் என்றான். தாசில்தாருக்குப் பகல் சாப்பாட்டு நேரம். கடைசியில் எல்லாரும் இறங்கினோம். தாசில்தார் முதல் அடியில் கணுக்கால், இரண்டாவதில் முழங்கால். மூன்றாவது அடியில் அவருடைய இடது பூட்ஸ் உப்பனாற்றுக்குப் போனது. சார் என் தோளைப் பிடித்துக்கொண்டு தவளை மாதிரி எட்டு வைத்தார். நான் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். (சாம்பிள் சிந்திவிட்டால்?)

பாதி வழியில் மாமா தாசில்தாருக்கு எதிரில் போய் மறித்து நின்றார். இருவரும் முழங்கால் சேற்றில்.

"ஐயா, இப்பவாவது எழுதுங்க. நீங்க எதுல நிக்கிறீங்கன்னு நீங்களே பாருங்க."

தாசில்தார் கெட்டவரில்லை. கீழே பார்த்தார். பெருமூச்சு விட்டார். "யாசீன் பாய், நான் நிக்கிறது சேறு. எனக்குத் தெரியுது. ஆனா ஃபைல்ல இருக்கிறது தெளிவு. நான் ஃபைலப் பாத்துதான் எழுத முடியும். நிக்கிற எடத்தப் பாத்து எழுத முடியாது."

மனு தள்ளுபடியானது. நாகலிங்கத்தின் வண்டிகள் மறுநாள் காலையிலேயே வந்தன. அவர் எனக்கு ஒரு மூட்டை தேத்தாங்கொட்டை அனுப்பிவைத்தார், நாலு படி இருக்கும். மாமா அதைத் தூக்கி ஆற்றில் எறியப் போனார். எறிந்தால் ஆறு தெளிந்து நாகலிங்கம் ஜெயித்ததாகிவிடும் என்று வீராசாமி தடுத்துவிட்டான்.

என் கல்யாணம் போயிற்று என்றுதான் ஊரே பேசியது. பத்து நாள் நான் மாமா கண்ணில் படவில்லை. பதினோராம் நாள் மைமூன் கிடங்குச் சன்னலுக்கு வந்து, வீதியில் பதுங்கிப் போன என்னைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கண்ணு தெரியுமா, தெரியாதா?"

நான் கண்ணாடியைக் கழற்றினேன். "உன் எடது கையில எட்டு வளையல். மூணாவது கீறல் வுட்டிருக்கு."

அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். "அப்ப கண்ணு சரிதான். மூளதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அத்தாவிடம் என்ன சொன்னாளோ, மாமா மறுநாள் அம்மாவிடம் வந்தார்.

"அக்கா, இவன வெளிய வுட்டு வச்சா ஊருக்கு ஆபத்து. வீட்டுக்குள்ள கட்டிப் போட்டுக்கறேன்."

கல்யாணம் நடந்தது. ஆனால் மாமா ஒன்றை மறக்கவில்லை. அரசாங்கம் அள்ளாத மண்ணை, படகு போகிற அளவுக்காவது, அவரே ஆள் வைத்து அள்ளினார். செலவு அறுநூற்று நாற்பது ரூபாய். "பாதி என் தலையெழுத்து, பாதி உன் கொட்டை" என்று என் பங்காக முந்நூற்று இருபது ரூபாயை நிக்காஹ் அன்றைக்கே, மணமேடையிலேயே, காதோடு காதாகச் சொல்லிவிட்டார். மற்ற மாமனார்கள் மருமகனுக்குச் சீர் செய்வார்கள். என் மாமனார் பெருநாளுக்குப் பெருநாள் என்னிடமிருந்து ஐந்தோ பத்தோ வசூலித்தார். முதல் பிள்ளை பிறந்தபோது இருபது ரூபாய் தள்ளுபடி. இரண்டாவது பெண், அவளுக்கு முப்பது. "இன்னும் பெத்துக்கிட்டே இருந்தா அடைஞ்சிடும்" என்றார் மாமா.

என் பிள்ளைகள் இந்தக் கதையோடுதான் வளர்ந்தார்கள். வீட்டில் யாராவது நடந்ததை மழுப்பிச் சொன்னால், "தேய்க்காம சொல்லு" என்பார்கள். மகன் கணக்கில் பெயிலானபோது மார்க் ஷீட்டை என்னிடம்தான் கொண்டுவந்தான். யாரோ கேட்டதற்கு, "அத்தாகிட்ட குடுத்தா சேத்தையெல்லாம் கீழ வுட்டுட்டு மேலாப்புலதான் அம்மாகிட்ட சொல்லுவாரு" என்றான். சபேசன் சாரின் முப்பது பக்கம் அச்சில் வந்தது. அதை இன்னும் யாரோ மேற்கோள் காட்டுவதாகக் கேள்வி. என் பெயர் அதில் இல்லை; அம்மாவின் பெயரும் இல்லை.

மாமா போய்ச் சேர்ந்த பிறகு சொத்துப் பிரித்தார்கள். மச்சான்மார்களுக்குக் கிடங்கும் படகும். மைமூன் பாகத்தில் என்ன வந்தது என்று கேட்டேன். "அத்தாவுக்கு வர வேண்டிய பாக்கியெல்லாம் எனக்குத்தான்" என்றாள். அப்படி அவருக்குப் பாக்கி வைத்திருந்த ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். வட்டி வேண்டாம் என்று பெரிய மனசு பண்ணிவிட்டாள், மார்க்கத்தில் ஆகாதாம். அசல் மட்டும், நேற்றைய நிலவரப்படி, நூற்றுப் பதினைந்து ரூபாய்.